அப்பாவின் நாற்காலி உயரத்தில் ஒரு பவளத் தொட்டி

உயிருள்ள பவளங்களும் கடல் மீன்களும் வளர, சுவருக்குள் பதித்த பெரிய உப்புநீர்ப் பவளத் தொட்டி ஒன்றை, வரைபடம் போடுவதிலிருந்து தண்ணீர் நிரப்புவது வரை, ஒரே குழுவிடம் ஒப்படைத்திருந்தேன். தண்ணீர் நிரம்பி இருபது மாதங்கள் ஆகின்றன. அவர்கள் செய்ததில் பெரும்பகுதி எனக்கு நிறைவு. சில விஷயங்களில் மனம் நொந்தும் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்களுக்குப் பெயரைவிட, எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதுதான் உதவும்.

இதற்கு முன் பதினோரு வருடம் 200 லிட்டர் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். அது நின்று பார்ப்பவர்களுக்கான உயரத்தில் இருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, பகல் முழுக்கக் கூடத்தில் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அவருக்குத் தெரிந்தது தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியின் கதவு மட்டும்தான். மீன்களைப் பார்க்கத் தலையைத் தூக்குவார், கொஞ்ச நேரத்தில் கழுத்து வலிக்கும், விட்டுவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த எண்ணமே வந்தது.

முதல் சந்திப்பிலேயே அந்தக் குழுவின் வடிவமைப்பாளரை எனக்குப் பிடித்துப்போனது. என்ன மீன் வேண்டும், என்ன பவளம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "சுவருக்குப் பின்னாடி என்ன அறை மேடம்?" என்று கேட்டார். துணி இஸ்திரி போடும் சின்ன அறை என்றேன். உள்ளே போய் ஜன்னல், கதவு, தண்ணீர்க் குழாய், கழிவு நீர் போகும் வழி எல்லாவற்றையும் அரை மணி நேரம் பார்த்தார். "கூடத்துல தெரியப்போறது ஒரு படம்தான். தொட்டி நிஜமா இருக்கப்போறது இங்கதான்" என்றார். இருபது மாதம் கழித்தும் அதைவிடச் சரியான பேச்சு எனக்குக் கிடைக்கவில்லை. பின்னறை இல்லாமல், சுவரில் ஒரு மாடம் போல வெட்டித் தொட்டி வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே ஒரு சின்னக் கதவைத் திறந்து, கையை மட்டும் நுழைத்துப் பவளத் தொட்டியைப் பராமரிக்கவே முடியாது.

அவர் போட்ட முதல் வரைபடத்தில் தொட்டி 240 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம். தாளில் அழகாக இருந்தது. ஆனால் என் கை, அக்குளிலிருந்து விரல் நுனி வரை 66 செ.மீ.தான். உயரமான தொட்டியில் மணல்மேல் ஒரு பவளம் கவிழ்ந்து விழுந்தால் எடுத்து நிமிர்த்த வழியில்லை. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைகளை ஒட்டி அதே அளவில் ஒரு பெட்டி செய்து மேசைமேல் வைத்தேன். அவரையே உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் எட்டவில்லை. உடனே ஒப்புக்கொண்டு உயரத்தை 70 செ.மீ. ஆக்கினார். பவளங்களுக்கும் அது நல்லது. ஆழம் குறைந்தால் அடிவரை வெளிச்சம் எளிதாகப் போகும். அகலத்தை மட்டும் 90 செ.மீ. ஆகவே வைத்துக்கொண்டேன். பாறைகளைச் சுவர்போல அடுக்காமல், முன்னும் பின்னும் மீன் சுற்றிவர இடம் விட்டு அமைக்க அந்த அகலம் வேண்டும். முன் மூலை இன்றும் எனக்குக் கை எட்டாது. நீளமான இடுக்கியும் காந்தத் துடைப்பானும்தான் துணை. காந்தம் வாங்கும்போது கண்ணாடியின் தடிமனுக்கு ஏற்றதா என்று பாருங்கள். 19 மி.மீ. கண்ணாடியில் சாதாரணக் காந்தம் பிடிக்காமல் நழுவி விழும்.

அப்புறம் அப்பாவின் கண் உயரத்தை அளந்தோம். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து 115 செ.மீ. அதனால் தொட்டியின் அடி 75 செ.மீ. உயரத்திலும் விளிம்பு 145 செ.மீ. உயரத்திலும் வரும்படி முடிவு செய்தோம். இந்த ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும் மாற்றிப்போட்டது. இவ்வளவு தாழ்வான தாங்கிக்கு அடியில் சம்ப் (தொட்டி நீர் இறங்கிச் சுத்தமாகி மேலே திரும்பும் துணைத் தொட்டி) வைத்தால், அதில் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழற்ற மேலே இடம் இருக்காது. எனவே சம்பைப் பின்னறையின் பக்கச் சுவர் ஓரமாகத் தரையில் வைத்தார். தாங்கிக்குக் கீழே கிடைத்த இடத்தில், ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் நன்னீர்க் கலன் போனது. பின்னறையில் நின்றால் விளிம்பு எனக்குத் தோளுக்கும் மேலே வரும் என்பதால் 45 செ.மீ. உயரத்தில் ஒரு நீள மேடை கட்டச் சொன்னேன். ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். தினமும் ஈரக்கையோடு ஏறி இறங்க வேண்டிய இடத்தில் ஸ்டூல் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

எடைக் கணக்கில் அவர்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. தண்ணீர் கிட்டத்தட்ட ஒன்றரை டன், கண்ணாடி 320 கிலோ, பாறை, மணல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டுகிறது. அது நிற்கும் இடமோ 2 சதுர மீட்டர் சொச்சம். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்கும்படி கணக்கிடுவதுதான் வழக்கம். எங்களுடையது தரைத்தளம், கீழே நேராக மண். இருந்தாலும் கட்டடப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டேன் என்று சொன்னது அந்தக் குழுதான். சுவரில் வெட்டிய திறப்புக்கு மேலே தனியாக லிண்டல் போட்டார்கள். சுவரின் எடையில் ஒரு கிலோகூடத் தொட்டிமேல் இறங்கக் கூடாது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே 8 மி.மீ. இடைவெளி விட்டிருந்தார்கள். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டுப் பழக்க தோஷத்தில் சிமென்ட் பூசப் போனார். "அண்ணே, அதுல கை வைக்காதீங்க!" என்று வடிவமைப்பாளர் ஓடிவந்த வேகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த இடைவெளியில் மிருதுவான ஃபோம் பட்டையும் அதன்மேல் சிலிகானும்தான் வர வேண்டும். கட்டடம் லேசாக அசையும், கண்ணாடியால் அசைய முடியாது.

கண்ணாடியைப் பலகைகளாகக் கொண்டுவந்து, தாங்கிமேலேயே வைத்து ஒட்டினார்கள். முன்பலகை மட்டும் 80 கிலோ. இரும்புச்சத்து குறைந்த தெளிவான கண்ணாடியை முன்பக்கத்துக்கு மட்டும் கேட்டிருந்தேன். இந்தத் தடிமனில் சாதாரணக் கண்ணாடி போட்டால் பச்சை சாயல் நன்றாகவே தெரியும். ஒட்டி முடித்து இரண்டு வாரம் யாரும் தொடவில்லை. அந்தச் சமயத்தில் என் தம்பி, பெர்லின் ஹோட்டலில் அக்வாடோம் உடைந்த படங்களை எடுத்து அனுப்பினான். 2022 டிசம்பர் 16 அன்று அந்த உருளைத் தொட்டி உடைந்து 10 லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை பாய்ந்தது, அதிலிருந்த 1500 மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. அப்பா உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே ஒன்றரை டன் தண்ணீரை நிறுத்துகிறோமே என்று எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் கேட்டேன். வடிவமைப்பாளர் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. அது பல மாடி உயரத்துக்கு நின்ற அக்ரிலிக் உருளை, இது இடுப்பளவு ஆழம்கூட இல்லாத கண்ணாடிப் பெட்டி, நீர் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்று முதலில் சொன்னார். பிறகு மட்டக்கோலை எடுத்து வந்து தாங்கியின் நான்கு மூலைகளையும் காட்டினார். கண்ணாடித் தொட்டிக்கு ஆபத்து அதிகமும் சமமில்லாத தாங்கியிலிருந்தும் அவசரமாகக் காயவைத்த ஒட்டிலிருந்தும்தான் வருகிறது என்றார். வெறும் நன்னீரை நிரப்பி ஒரு வாரம் அப்படியே வைத்தார். அந்த வாரம் தினமும் காலையில் ஒட்டுகளின் ஓரமாக டிஷ்யூ தாளை வைத்துத் துடைத்துப் பார்ப்பேன். ஒருநாளும் நனையவில்லை.

குழாய் வேலைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். அப்பா இரவில் கூடத்திலேயே தூங்குகிறார், தண்ணீர் களகளவென்று விழும் சத்தம் கூடாது என்று சொல்லியிருந்தேன். தொட்டியிலிருந்து சம்புக்கு நீரை இறக்க, பீன் அனிமல் என்று சொல்லப்படும் மூன்று குழாய் முறையைப் போட்டார்கள். முதல் குழாய் காற்றே இல்லாமல் முழுக்க நீர் நிரம்பி இறங்கும், அதில்தான் அளவைத் திருகிச் சரிசெய்யும் கேட் வால்வு. இரண்டாவதில் மிச்சமிருக்கும் கொஞ்சம் நீர் வழிந்து போகும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே இருக்கும். முதல் குழாயில் நத்தை மாட்டிக்கொண்டால் அதுதான் வீட்டைக் காப்பாற்றும். சட்டென்று திறந்து மூடும் பால் வால்வு (ball valve) போட்டால் இவ்வளவு நுணுக்கமாகத் திருக முடியாது. இரவில் கூடத்தில் கேட்பது மின்விசிறியின் சத்தம் மட்டும்தான்.

மின்தடை வந்தால் என்ன ஆகும் என்பதை நன்னீர் இருந்த வாரத்திலேயே சோதித்தோம். தொட்டியின் பரப்பு பெரியது என்பதால் மேலே ஒரு செ.மீ. இறங்கினாலே கீழே 21 லிட்டர் வந்து சேரும். முதல் தடவை பம்பை நிறுத்தியபோது சம்ப் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை ஏறிவிட்டது. நீர் மேலே திரும்பும் குழாய்களின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்ததுதான் காரணம். பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாக 110 லிட்டருக்கு மேல் பின்னோக்கி உறிஞ்சி இறங்கிவிட்டது. வாய்களை ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு உயர்த்திய பிறகு அறுபது லிட்டரோடு நின்றது. பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வால்வை நம்ப வேண்டாம், பாசியும் நத்தை ஓடும் சிக்கினால் அது மூடாது என்றார் வடிவமைப்பாளர். பத்து தடவை நிறுத்திப் போட்டுக் காட்டிய பிறகுதான் உப்பு மூட்டையைப் பிரிக்க விட்டார். இந்தச் சோதனையைச் செய்து காட்டாதவர்களுக்கு மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

மின்சாரமும் ஒழுங்காகவே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனத்தோடு இரண்டு தனித்தனி இணைப்புகள். ஒன்று விழுந்தாலும் மற்றதில் ஒரு பம்ப் ஓடும். ஹீட்டரும் ஒன்றே பெரிதாக இல்லாமல் 300 வாட்டில் மூன்று. ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தண்ணீர் கொதித்துவிடாது.

இனி குறைகள். முதலாவது காற்று. பின்னறைக்கு 4 அங்குல வெளியேற்று விசிறி ஒன்று போதும், டைமரில் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் சரி என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தார்கள். போதவில்லை. நன்னீர்க் கலன் 100 லிட்டர். அது ஐந்தரை நாளில் காலியானது. அதாவது தினமும் 18 லிட்டர் நீர் அந்தச் சின்ன அறையின் காற்றில் கலந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாதம் கூரையின் ஜிப்சம் பலகை உப்பியது. மூலைகளில் கறுப்புப் பூஞ்சை வந்தது. கதவுக் கீல் துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. அப்பாவுக்கு இருமல் வந்தபோது எனக்குப் பயமாகிவிட்டது. மருத்துவர் சளிதான் என்று சொன்னார், ஆனாலும் பூஞ்சை உள்ள அறை பத்தடி தூரத்தில் இருப்பது எனக்கு உறுத்தியது.

போன் செய்தால், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்கள். இரண்டாம் முறை அழுத்திச் சொன்ன பிறகுதான் வந்து பார்த்தார்கள். ஈரப்பதத்தை உணர்ந்து தானே ஓடும் 6 அங்குல விசிறி வந்தது. அதைவிட முக்கியமாகக் கதவின் அடியில் காற்று உள்ளே வர ஒரு சல்லடைத் திறப்பு வைத்தோம். உள்ளே வர வழியில்லாமல் விசிறி எவ்வளவு சுற்றினாலும் காற்று நகராது. கூரைக்கு ஜிப்சத்தை எடுத்துவிட்டு சிமென்ட் போர்டு போட்டேன். அந்தச் செலவு என்னுடையது. இந்தத் துறையிலேயே இருப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் வந்தது. அதுவரை விடியற்காலையில் பி.எச். 7.8-க்கு இறங்கும். மூடிய வீட்டில் நாம் விடும் மூச்சின் கரியமில வாயு தண்ணீரில் கரைவதுதான் அதற்குக் காரணம். புதுக் காற்று வரத் தொடங்கிய இரண்டே வாரத்தில் காலையிலும் 8.0-க்குக் கீழே போகவில்லை.

ஆவியாவதை ஈடுசெய்ய, கலனிலிருந்து நன்னீரைத் தானே ஊற்றும் டுன்ஸே ஆஸ்மொலேட்டர் என்ற கருவியைப் போட்டிருக்கிறோம். ஒளி உணரி ஒன்று, அது தவறினால் மிதவை ஒன்று என்று இரட்டைக் காவல். இருந்தும் நன்னீரை வீட்டுக் குழாயிலிருந்து நேரடியாக இணைக்க நான் ஒப்பவில்லை. இரண்டும் ஒருசேரக் கெட்டுப்போனால்கூடக் கலனில் இருக்கும் 100 லிட்டரோடு நிற்கும், உப்பளவு ஆயிரத்துக்கு 35-லிருந்து 33-க்குத்தான் இறங்கும். குழாயோடு இணைத்துவிட்டால் அதற்கு முடிவே கிடையாது.

இரண்டாவது, மீன். ஐந்தாம் வாரம், மீன்களுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தைத் தொட்டன. அன்று சாயங்காலமே சொல்லாமல் கொள்ளாமல் நான்கு டாங் மீன்களை (பாசி மேயும் தட்டையான கடல் மீன்கள்) பைகளில் கொண்டுவந்து நின்றார்கள். தங்கள் வேலையைப் படம் எடுத்துக்கொள்ள மீன் வேண்டும் என்றார்கள். திருப்பி அனுப்பினேன். வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பாறையிலும் மணலிலும் கூடுகட்டித் தங்கும். அதைப் பட்டினி போட, தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் வைக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்களிடையே உள்ள கணக்கு. செம்பு மருந்து போடலாம் என்றால் பவளம் செத்துவிடும். சுவருக்குள் இருக்கும் ஒன்றரை டன் தண்ணீரில், பாறைக்குள் ஓடி ஒளியும் டாங்கை வலைபோட்டுப் பிடிப்பது நடக்காத காரியம். எனவே ஒவ்வொரு மீனையும் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே விட்டேன். மஞ்சள் டாங்கைப் பண்ணையில் பிறந்ததாகத் தேடி வாங்கினேன். 2015-இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட்டில் முதன்முறையாக அதன் முட்டையிலிருந்து குஞ்சுகளை வளர்த்தெடுத்தார்கள். கடலிலிருந்து பிடிக்காமலேயே அந்த மஞ்சளை வீட்டில் பார்க்க முடிவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தக் காத்திருப்பு அப்பாவுக்குச் சலிப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மீனே இல்லாத அந்த மாதங்களில் அவர் பார்த்ததை நான்கூடப் பார்க்கவில்லை. பாறையில் விரல் நகம் அளவுக்கு விசிறிப் புழுக்கள் முளைத்தன. அவருக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. நான் பக்கத்தில் போனால் இடது கையில் மூன்று விரலைக் காட்டுவார். மறுவாரம் ஐந்து. எங்கே என்று நான் தேடுவேன், அவர் விரலை நீட்டுவார்.

வெளிச்ச விஷயத்தில் அந்தக் குழு நடந்துகொண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். விளக்குகளைத் தண்டவாளத்தில் தொங்கவிட்டுப் பின்னால் தள்ளும்படி செய்திருந்தார்கள், அது நல்ல யோசனை. பவளத்துக்குப் பயன்படும் ஒளியளவு (PAR) மேல்பாறையில் 250, மணலில் 90 என்று கருவி வைத்து அளந்து காட்டினார்கள். ஆனால் அப்பா உட்காரும் உயரத்திலிருந்து பார்த்தால், நீர்மட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே 2 செ.மீ. இடைவெளி வழியாக எல்.இ.டி. நேராகக் கண்ணில் அடித்தது. நின்று பார்த்த எங்களுக்கு அது தெரியவே இல்லை. அவர் கண்ணைச் சுருக்குவதை வடிவமைப்பாளர்தான் கவனித்தார். தானே நாற்காலி பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் 4 செ.மீ. பட்டை ஒன்றைச் செய்து கொண்டுவந்து ஒட்டினார். யாரும் கேட்கவில்லை, பணமும் வாங்கவில்லை.

மூன்றாவது குறை எளியது, ஆனால் சரிசெய்யக் கடினமானது. தொட்டியின் இடது பக்கத்தைப் பின்னறைச் சுவரிலிருந்து 4 செ.மீ. தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் வைக்க நினைத்திருந்த அலை பம்ப், மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துக் காந்தத்தால் உள்ளே சுழலும் வகை. அதன் மோட்டார் உட்கார அந்த இடம் போதாது. இப்போது நீருக்குள்ளேயே இருக்கும் பம்புகளைப் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோம். இடது மூலையில் ஓட்டம் போதாமல் கழிவு தங்குகிறது. அங்கே வைத்த அக்ரோபோரா என்ற கிளைப் பவளங்கள் இரண்டு அடியிலிருந்து வெளுத்துப்போயின. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தேவையான அல்கலினிட்டியும் கால்சியமும் நிலையாக இருப்பதால், மற்ற இடங்களில் பவளங்களின் நுனி வெள்ளையாக வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

மாதம் ஒருமுறை வந்து பார்ப்பது ஒப்பந்தத்தில் இருந்தது. ஆறு மாதம் தவறாமல் வந்தார்கள், பிறகு போனோடு சரி. ஐந்துக்கு நான்கு என்று மனதில் வைத்திருந்தேன். காற்றுக்கும் இந்தப் பராமரிப்புக்கும் சேர்த்து மூன்றரை தருகிறேன். ஆனாலும் வேறு யாரையும் தேடப் போவதில்லை. இடது பக்கச் சுவர் எடை தாங்காத தடுப்புச் சுவர்தான் என்று பொறியாளர் பார்த்துச் சொல்லிவிட்டார். மோட்டாருக்கு நேரே 25 செ.மீ. சதுரமாக அதில் ஒரு மாடம் வெட்ட அடுத்த மாதம் அதே வடிவமைப்பாளர் வருகிறார். தூசு தண்ணீரில் விழாமல் தொட்டியை எப்படி மூடுவது என்று நேற்று இரவு இருவரும் ஒரு மணி நேரம் பேசினோம்.